கேம் மக்கர் செய்கிறதா? கோடோ 4-க்கு அறிகுறி வாரியாகக் கைமருந்து

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியது. காலையில் திறந்து பிளே பொத்தானை அழுத்தினால் ஹீரோ தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறான். என்ன மாற்றினோம் என்று யோசித்தால் ஒன்றுமே மாற்றாத மாதிரிதான் தோன்றும். கேம் செய்யத் தொடங்கிய எல்லோரும் ஒருமுறையாவது இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள்.

கேம் செய்ய உதவும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினில் அடிக்கடி வரும் கோளாறுகளை, வெளியே தெரியும் அறிகுறியை வைத்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாம் கோடோ 4-க்கு. அதிலும் பெரும்பாலும் 2டி. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். உங்களுக்கு வந்திருக்கும் கோளாறை மட்டும் தேடிப் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் பத்தியைத் தாண்டிவிடாதீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால்

கீழே இருக்கும் டீபக்கர் பலகையைத் திறந்து முதல் சிவப்பு வரியைப் படியுங்கள். கடைசி வரியை அல்ல. ஒரு படம் லோடு ஆகாமல் போனால் அதை நம்பியிருந்த இருபது இடங்கள் வரிசையாக அலறும். கடைசியில் அலறுவதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாள் போய்விடும். சீன் மரத்தில், அதாவது கேமின் உறுப்புகளான நோடுகள் அடுக்கியிருக்கும் பட்டியலில், ஏதாவது நோடுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்மேல் சுட்டியை வைத்தால் என்ன குறை என்று எஞ்சினே சொல்லும். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒரு பெரும் பங்குக்கு அந்த முக்கோணத்திலேயே பதில் இருக்கிறது.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. மற்ற இரண்டும் அடுத்த வாரம் வேறு கோளாறாக வந்து நிற்கும்.

எடிட்டரே திறக்கவில்லை, அல்லது திறந்த உடனே மூடிக்கொள்கிறது

பழைய லேப்டாப்பா? அப்படியானால் முதல் சந்தேகம், கிராபிக்ஸ் சிப்போடு பேச உதவும் இடைமுகமான வல்கன் மீதுதான். கோடோ 4-இன் ஃபார்வர்டு பிளஸ், மொபைல் ஆகிய இரண்டு ரெண்டரர்களும் (திரையில் படம் வரையும் பகுதிகள்) பல கணினிகளில் வல்கனை நம்பி ஓடுபவை. இன்டெல் 6-ஆம் தலைமுறைக்கு முந்தைய உள்ளமை கிராபிக்ஸுக்கு விண்டோஸில் வல்கன் டிரைவர் கிடையாது. மூன்றாவதான கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் ஓபன்ஜிஎல் 3.3 இருந்தாலே ஓடும். கட்டளை வரியிலிருந்து திறக்கும்போது ரெண்டரிங் டிரைவராக ஓபன்ஜிஎல் 3-ஐக் குறிப்பிட்டுப் பாருங்கள். திறந்துகொண்டால் காரணம் அதுதான். புதிய வெளியீடுகள் வல்கன் இல்லை என்றால் தாமாகவே ஓபன்ஜிஎல்லுக்கு மாறப் பார்க்கும். புது புராஜெக்ட் தொடங்கும்போதே கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. எளிய 2டி கேமுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

விண்டோஸில் தரவிறக்கிய ஜிப்புக்குள் கன்சோல் என்ற பெயரோடு இன்னொரு கோப்பும் இருக்கும். அதைத் திறந்தால் கறுப்புச் சன்னல் ஒன்றும் கூடவே வரும். எடிட்டர் விழுந்தாலும் அதற்கு முன் என்ன முனகியது என்று அதில் படிக்கலாம்.

பாடத்தில் இருப்பதை அப்படியே அடித்தேன், எல்லாம் சிவப்பு

பாடம் கோடோ 3-க்கு எழுதப்பட்டதாக இருக்கும். கோடோ 2014-இல் திறமூலமாக வெளியானது. 3.0 2018 ஜனவரியில் வந்தது, 4.0 2023 மார்ச்சில். இடையிலிருந்த ஐந்தாண்டுகளில் குவிந்த பாடங்கள் இன்னும் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. கைனமேட்டிக் பாடி 2டி என்ற பெயரைப் பார்த்தாலே அது பழைய பாடம் என்று தெரிந்துகொள்ளலாம். இப்போது அது கேரக்டர் பாடி 2டி. யீல்டு என்பது அவெய்ட் ஆகிவிட்டது, இன்ஸ்டன்ஸ் என்பது இன்ஸ்டன்ஷியேட் ஆகிவிட்டது, ஸ்பேஷியல் என்பது நோடு 3டி ஆகிவிட்டது. எக்ஸ்போர்ட், ஆன்ரெடி ஆகியவற்றுக்கு முன்னால் @ குறி வந்து உட்கார்ந்துகொண்டது.

பெயர் மாற்றத்தையாவது கண்டுபிடித்துவிடலாம். பழக்க மாற்றம்தான் ஏமாற்றும். முன்பு ஹீரோவை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு கட்டளைக்கு வேகத்தை அடைப்புக்குறிக்குள் கொடுப்போம். இப்போது வெலாசிட்டி என்ற பண்பில் வேகத்தை வைத்துவிட்டு, வெறும் அடைப்புக்குறியோடு அழைக்க வேண்டும்.

"நில்" என்று ஏதோ வருகிறது, கேம் நின்றுவிடுகிறது

பிழை வரியில் நில் அல்லது நல் இன்ஸ்டன்ஸ் என்று இருந்தால் அர்த்தம் ஒன்றுதான்: நீங்கள் கூப்பிட்ட ஆள் அந்த இடத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் பல காரணங்கள்.

டாலர் குறி போட்டு எழுதிய பாதையில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். அல்லது சீன் மரத்தில் நோடை வேறொன்றின் கீழே இழுத்துப்போட்டிருப்பீர்கள், பாதை பழைய வீட்டு விலாசமாகவே நின்றிருக்கும். நோடின் மேல் வலது கிளிக் செய்து, தனிப்பெயரால் அணுகும் வசதியை இயக்கிவிட்டு, டாலருக்குப் பதில் % குறியோடு பெயரை எழுதுங்கள். அந்தச் சீனுக்குள் நோடு எங்கே இடம் மாறினாலும் எஞ்சின் கண்டுபிடித்துவிடும்.

பாதை சரியாக இருந்தும் நில் வந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். ஸ்கிரிப்டின் தலையில் மாறியை அறிவிக்கும்போதே நோடைத் தேடினால் மரம் இன்னும் கட்டப்பட்டிருக்காது. முன்னால் ஆன்ரெடி சேர்க்க வேண்டும். நோடு தயாரானதும் வரும் ரெடி அழைப்பு பிள்ளைகளுக்கு முதலில் வரும், பெற்றோருக்குக் கடைசியில் வரும். எனவே பிள்ளை நோடின் ரெடிக்குள்ளிருந்து பெற்றோர் ஆன்ரெடியில் தேடி வைக்கப்போகும் பொருளைக் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, ஏற்கெனவே அழிக்கப்பட்ட பொருள் என்று வரும் பிழை. எதிரியை கியூ ஃபிரீ செய்துவிட்டீர்கள், ஆனால் ஏவுகணை இன்னும் அவனைக் குறிவைத்துக்கொண்டிருக்கிறது. தொடுவதற்கு முன் இஸ் இன்ஸ்டன்ஸ் வேலிடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவெய்ட்டுக்குப் பிறகு வரும் வரிகளில் இது கட்டாயம். நாம் காத்திருந்த இரண்டு விநாடிக்குள் யார் வேண்டுமானாலும் செத்துப்போயிருக்கலாம்.

ஹீரோ தரையில் நிற்கவில்லை, சுவருக்குள் புகுந்து போகிறான்

இதற்கு முதலில் செய்ய வேண்டியது, டீபக் மெனுவில் மோதல் வடிவங்களைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு ஓட்டுவது. படம் இருக்கும் இடத்திலேயே நீல நிற வடிவமும் இருக்கிறதா? பாதி நேரம் வடிவமே இருக்காது. கொலிஷன் ஷேப் நோடைச் சேர்த்துவிட்டு அதன் ஷேப் கட்டத்தைக் காலியாக விட்டிருப்போம். டைல்களால் தரை போட்டவர்கள் டைல்செட்டில் பிசிக்ஸ் லேயர் ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு டைலுக்கும் மோதல் வடிவம் வரைந்திருக்க வேண்டும். டைலை வரிசையாக அடுக்கிவிட்டால் அது தரையாகிவிடாது. வெறும் ஓவியம்தான்.

வடிவம் இருக்கிறது, மோதல் மட்டும் இல்லை என்றால் லேயரையும் மாஸ்க்கையும் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் அபூர்வம். லேயர் என்பது நான் குடியிருக்கும் தெரு. மாஸ்க் என்பது நான் கண்வைத்திருக்கும் தெரு. தரை முதல் லேயரில் இருந்தால் ஹீரோவின் மாஸ்க்கில் முதல் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். மொத்தம் 32 லேயர்கள் உண்டு. புராஜெக்ட் செட்டிங்ஸில் அவற்றுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். தரை, எதிரி, தோட்டா என்று பெயர் தெரிந்தால் டிக் தவறாது.

அடுத்த காரணம், ஹீரோவை எப்படி நகர்த்துகிறீர்கள் என்பது. பொசிஷனில் நேரடியாக எண்ணைக் கூட்டினால் அது நடப்பது ஆகாது, தூக்கி வைப்பது. சுவர் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேரக்டர் பாடி என்றால் வெலாசிட்டியை நிரப்பி மூவ் அண்ட் ஸ்லைடை அழையுங்கள், அதுவும் ஒவ்வொரு இயற்பியல் கணக்கின்போதும் ஓடும் பிசிக்ஸ் பிராசஸுக்குள். தரையில் நிற்கிறானா என்று கேட்கும் இஸ் ஆன் ஃபுளோர், கடைசியாக நடந்த மூவ் அண்ட் ஸ்லைடின் நிலவரத்தைத்தான் சொல்லும். 2டியில் கீழே போவதுதான் ஒய் அச்சின் கூட்டல் திசை. எனவே குதிக்கும் வேகம் கழித்தல் எண்ணாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட வரைபடத்தாள் பழக்கத்தில் கூட்டல் போட்டவன் நானும்தான். குதிக்கும் பொத்தானை அழுத்தினால் ஹீரோ நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

எல்லாம் சரி, தோட்டா மட்டும் சுவரைத் தாண்டிப் போகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். இயற்பியல் கணக்கு விநாடிக்கு 60 முறை நடக்கிறது. தோட்டாவின் வேகம் விநாடிக்கு 3000 பிக்சல் என்றால் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் அது 50 பிக்சல் தாவுகிறது. சுவரின் தடிமன் 16 பிக்சல். ஒரு கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். அது சுவருக்குள் இருந்த தருணத்தை எஞ்சின் பார்க்கவே இல்லை. ரிஜிட் பாடி 2டி என்றால் கன்டினியூவஸ் சிடி என்ற பண்பை இயக்குங்கள். ஏரியா 2டியால் செய்த தோட்டா என்றால், பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத ஒரு சோதனைக் கோடு) விட்டு நடுவில் ஏதும் குறுக்கிடுகிறதா என்று கேளுங்கள். சுவரைத் தடிமனாக்குவதும் ஒரு தீர்வுதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

தொட்டால் எதுவும் நடக்கவில்லை

காசைத் தொட்டால் காசு மறைய வேண்டும், மறையவில்லை. ஸ்கிரிப்டில் அந்தச் செயற்கூறின் இடப்பக்க ஓரத்தில் சின்ன பச்சை அம்பு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சிக்னல், அதாவது தொட்டதும் நோடு அனுப்பும் செய்தி, அந்தச் செயற்கூறோடு இணைக்கப்படவில்லை. பாடத்திலிருந்து செயற்கூறை நகலெடுத்து ஒட்டுபவர்கள் நோடு பலகையில் போய் இணைக்கும் படியை விட்டுவிடுவார்கள். இணைப்பு இருந்தும் வேலை செய்யாவிட்டால், பாடி என்டர்டு வேண்டிய இடத்தில் ஏரியா என்டர்டு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஹீரோ ஒரு பாடி, ஏரியா அல்ல.

அந்தச் சிக்னலுக்குள்ளேயே மோதல் வடிவத்தை அணைக்கப் பார்த்தால், ஃபிளஷிங் குவெரீஸ் என்று எஞ்சின் முறைக்கும். கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது பலகையைக் கலைக்காதே என்று அர்த்தம். செட் டிஃபர்டு மூலம் சொன்னால் கணக்கை முடித்துவிட்டு அணைக்கும்.

பொத்தான் கிளிக் ஆகவில்லை என்றால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று படுத்திருக்கிறது. திரை முழுக்க விரித்த கன்ட்ரோல் நோடோ, கலர் ரெக்டோ, முழுக்க ஒளிபுகும் நிலையில் இருந்தாலும் கிளிக்கைத் தின்றுவிடும். அவற்றின் மவுஸ் ஃபில்டர் இயல்பாக ஸ்டாப்பில் இருக்கும். இக்னோர் என்று மாற்றுங்கள். ஃபேட் ஆகும் கறுப்புத் திரை வைத்த எல்லோரையும் இது ஒருமுறை பதம் பார்க்கும்.

பாஸ் செய்தால் பாஸ் மெனுவும் சேர்ந்து உறைந்துவிடுகிறதா? மரத்தை நிறுத்தினால் மரத்தில் இருக்கும் மெனுவும் நிற்கும். மெனு நோடின் பிராசஸ் மோடை வென் பாஸ்டு அல்லது ஆல்வேஸ் என்று வையுங்கள்.

என் கணினியில் சரியான வேகம், நண்பனின் கணினியில் ராக்கெட்

ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று நகர்த்தியிருப்பீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது விநாடிக்கு 300 பிக்சல். 144 ஹெர்ட்ஸ் கேமிங் திரையில் 720. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் பிராசஸுக்குள் நகர்த்தும் எதையும் டெல்டாவால், அதாவது போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்க வேண்டும். விநாடிக்கு எவ்வளவு என்று வேகத்தை எழுதி டெல்டாவால் பெருக்கினால் எல்லாத் திரையிலும் ஒரே வேகம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: ஹீரோ நத்தையாக ஊர்வது. மூவ் அண்ட் ஸ்லைடு டெல்டாவைத் தானே பெருக்கிக்கொள்கிறது. நீங்களும் பெருக்கினால் 300 என்பது விநாடிக்கு 5 பிக்சலாகச் சுருங்கிவிடும். யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினிலிருந்து வந்தவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். அங்கே கேரக்டர் கன்ட்ரோலரின் மூவ் கட்டளைக்கு நகர வேண்டிய தூரத்தைக் கொடுப்பது வழக்கம், எனவே பெருக்கித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவல் கட்டணத்தை அறிவித்தபோது நிறையப் பேர் கோடோவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. வந்தவர்களோடு வந்த இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. முடுக்கம் வேறு விஷயம்: புவியீர்ப்பை வெலாசிட்டியோடு கூட்டும்போது டெல்டாவால் பெருக்குவதுதான் சரி.

வேகம் சரி, ஆனால் அசைவு லேசாக உதறுகிறது என்றால், 60 முறை நடக்கும் இயற்பியலும் 144 முறை வரையும் திரையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். புராஜெக்ட் செட்டிங்ஸில் பிசிக்ஸ் இன்டர்போலேஷனை இயக்குங்கள். 2டிக்கு இது 4.3-இல் வந்தது.

பிக்சல் ஓவியம் மங்கலாகத் தெரிகிறது

புராஜெக்ட் செட்டிங்ஸில் கேன்வாஸ் டெக்ஸ்சர்களுக்கான இயல்பு ஃபில்டர் லீனியரில் இருக்கும். நியரஸ்ட் ஆக்குங்கள். முடிந்தது.

தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது கட்டம் கட்டமாக வருகிறது

கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. தமிழில் கேம் செய்பவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள், ஆங்கிலப் பாடங்களில் இதற்கு விடை அரிது.

"கெ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, "கு" என்பது க-வும் தனியாக ஒரு சுழியுமாகப் பிரிந்து கிடக்கிறது என்றால் நீங்கள் கோடோ 3-இல் இருக்கிறீர்கள். யூனிகோடில் க முதலிலும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர ஒரு வடிவமைப்பு வேலை நடந்தாக வேண்டும். கோடோ 3 அதைச் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே உருக்களை அடுக்கியது. கோடோ 4-இல் எழுத்துப் பகுதியை மொத்தமாக மாற்றி எழுதி, அந்த வடிவமைப்பு வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சேர்த்தார்கள். இப்போது கொம்பும் சுழியும் தத்தம் இடத்தில் உட்காரும். பழைய எஞ்சினிலேயே இருந்தாக வேண்டிய கட்டாயத்தில் சிலர் பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்களை வைத்து ஒப்பேற்றுவார்கள். திரையில் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது தமிழே அல்ல. தேடலோ, வரிசைப்படுத்தலோ, வீரர் தட்டச்சுச் செய்ததை ஒப்பிடுவதோ நடக்காது. முடிந்தால் 4-க்கு மாறிவிடுங்கள்.

4-இல் இருந்தும், உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ், பிரவுசரில் ஏற்றியதும் கட்டங்களாகிவிட்டதா? கோடோவின் இயல்பு எழுத்துருவில் தமிழ் கிடையாது. உங்கள் கணினியில் தெரிந்தது கணினியின் சொந்த எழுத்துரு. தன்னிடம் இல்லாத எழுத்தை எஞ்சின் சத்தமில்லாமல் இயங்குதளத்திடம் கடன் வாங்கிக் காட்டியது. பிரவுசரில் கடன் கொடுக்க ஆளில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிமமுள்ள எழுத்துருவைப் புராஜெக்டுக்குள் போட்டு, புராஜெக்ட் செட்டிங்ஸில் தீமின் கஸ்டம் ஃபான்ட்டாக வையுங்கள். பிறகு எழுத்துருவின் இம்போர்ட் பகுதியில் சிஸ்டம் ஃபால்பேக்கை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். விட்டுப்போன எழுத்து எது என்று உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

உரையாடல் ஓரெழுத்தாகத் தட்டச்சாகும் காட்சியில் எழுத்துகள் துள்ளுகின்றன என்பது மூன்றாவது புகார். "கொடி" என்று வர வேண்டும். முதலில் க வரும், அடுத்த நொடியில் அது கொ ஆகி வலப்பக்கம் நகரும், பிறகு ட வந்து டி ஆகும். லேபிளின் விசிபிள் கேரக்டர்ஸ் இயல்பாக, வடிவமைப்பதற்கு முன்பே உரையை வெட்டுகிறது. அதன் பிஹேவியர் பண்பைக் கிளிஃப் (எழுத்துரு) வகைக்கு மாற்றினால், முழு உரையையும் வடிவமைத்து இடம் ஒதுக்கிவிட்டு அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கும். துள்ளல் போய்விடும்.

சொல் விளையாட்டு செய்பவர்களுக்கு நான்காவது ஒன்று காத்திருக்கிறது. "தமிழ்" எத்தனை எழுத்து? மூன்று. லெங்த் கேட்டால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று குறிப்புள்ளிகளை எண்ணுகிறது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று பிரித்துப் போட்டால் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடைத்து, அது திருதிருவென விழிக்கும். டெக்ஸ்ட் சர்வரில் ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. எங்கே வெட்டினால் எழுத்து உடையாது என்று இடங்களைப் பட்டியலாகத் தரும். அதை வைத்து வெட்டுங்கள். எழுத்துகளைக் கலைத்துப் போடுவதாக இருந்தாலும் வெட்டிய பிறகுதான் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் "மரம்" என்பதன் புள்ளி வழி தவறி முதல் எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

எடிட்டரில் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் செய்தால் ஓடவில்லை

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து, ஸ்கிரிப்டில் சின்ன எழுத்து. அவ்வளவுதான் விஷயம். விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. எக்ஸ்போர்ட் ஆன பொட்டலம் பார்க்கும், ஆண்ட்ராய்டும் லினக்ஸும் பார்க்கும். எடிட்டரில் ஓட்டும்போதே கேஸ் மிஸ்மேட்ச் என்று மஞ்சள் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. மஞ்சள்தானே என்று விட்டிருந்தேன். எல்லாக் கோப்புகளுக்கும் சின்ன எழுத்தில் பெயர் வைத்து, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடும் பழக்கம் அன்று வந்தது.

பெயர் சரியாக இருந்தும் கோப்பைக் காணவில்லை என்றால், அது பொட்டலத்துக்குள் போகவே இல்லை. சொற்பட்டியல் போன்ற டிஎக்ஸ்டி கோப்புகளை எஞ்சின் தன் வளமாகக் கருதுவதில்லை. எக்ஸ்போர்ட் சன்னலின் ரிசோர்சஸ் பகுதியில் அந்தக் கோப்பு வகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சிஎஸ்வி கோப்பில் இன்னொரு விசித்திரம்: கோடோ அதை மொழிபெயர்ப்பு அட்டவணை என்று எடுத்துக்கொள்ளும். தரவாக வைத்திருந்தால் இம்போர்ட் வகையை கீப் ஃபைல் என்று மாற்றுங்கள்.

படங்களும் அப்படியே போவதில்லை. பிஎன்ஜி கோப்பு எஞ்சினுக்கான வடிவத்துக்கு மாற்றப்பட்டு, அந்த மாறிய கோப்புதான் பொட்டலத்தில் இருக்கும். ஆகவே ஃபைல் அக்சஸ் மூலம் படம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று வரும். ரிசோர்ஸ் லோடரிடம் கேளுங்கள்.

கேம் சேவ் ஆகவில்லை என்றால் ரெஸ் பாதையில் (புராஜெக்டின் சொந்த அடைவு) எழுதப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு அங்கே படிக்க மட்டுமே முடியும். சேமிப்பது எப்போதும் யூசர் பாதையில். புராஜெக்ட் மெனுவிலிருந்தே அந்த அடைவைத் திறந்து பார்க்கலாம்.

பிரவுசரில் வெறும் கறுப்புத் திரை

இண்டெக்ஸ் கோப்பை இரட்டை கிளிக் செய்து திறந்தீர்களா? அப்படி ஓடாது, வலை சர்வர் வழியாகத்தான் திறக்க வேண்டும். எடிட்டரிலேயே பிரவுசரில் ஓட்டும் வசதி இருக்கிறது. அது தானே சின்ன சர்வர் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளும். உங்கள் கணினியில் ஓடி, இணையதளத்தில் ஏற்றியதும் கறுத்துவிட்டால் எஃப் 12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். ஷேர்டு அரே பஃபர் என்று இருந்தால் திரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதி) விவகாரம். அந்தத் தளம் பக்கத்தோடு இரண்டு தனிப்பட்ட ஹெடர் வரிகளை அனுப்பினால்தான் பிரவுசர் திரெட்டுகளை அனுமதிக்கும். 4.3 முதல் திரெட் இல்லாமலும் எக்ஸ்போர்ட் செய்யலாம், அதை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் ஏற்றுபவர்கள் அங்கே இருக்கும் ஷேர்டு அரே பஃபர் டிக்கைப் போட்டாலும் சரி.

கேம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். பயனர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் ஒலியை விடுவதில்லை. தொடக்கத்தில் ஒரு ஸ்டார்ட் பொத்தான் வைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில்

எக்ஸ்போர்ட் பொத்தானே மங்கிக் கிடக்கிறதா? சன்னலின் அடியில் சிவப்பில் காரணம் எழுதியிருக்கும். ஈடிசி2 என்று இருந்தால் புராஜெக்ட் செட்டிங்ஸில் அந்தப் பட இறுக்கத்தை இயக்குங்கள். டெம்ப்ளேட் இல்லை என்று இருந்தால் எடிட்டரின் அதே வெளியீட்டுக்கான டெம்ப்ளேட்டை இறக்குங்கள், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணும் பொருந்த வேண்டும். ஜாவா பற்றிய புலம்பல் என்றால் ஜேடிகே 17 என்ற ஜாவா கருவித்தொகுப்பை நிறுவி, எடிட்டர் செட்டிங்ஸில் அதன் பாதையைக் கொடுங்கள்.

கணினியில் வந்த லீடர்போர்டு போனில் வரவில்லை என்றால், எக்ஸ்போர்ட் பகுதியின் அனுமதிகளில் இன்டர்நெட் டிக் ஆகியிருக்காது. பிளே ஸ்டோர் 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளை ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வடிவில்தான் வாங்குகிறது. கோடோவில் அதற்கு கிரேடில் பில்டை இயக்க வேண்டும். செயலியில் உங்கள் கையொப்பமிடும் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடங்களில் பத்திரமாக வையுங்கள்.

போகப் போகக் கேம் மந்தமாகிறது

தொடக்கத்தில் நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் இழுக்கத் தொடங்கினால் ஏதோ ஒன்று குவிந்துகொண்டிருக்கிறது. ஓடும்போதே சீன் பலகையில் ரிமோட் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். திரையைவிட்டுப் போன தோட்டாக்கள் நூற்றுக்கணக்கில் இன்னும் பறந்துகொண்டிருக்கும். விசிபிள் ஆன் ஸ்கிரீன் நோட்டிஃபயரைச் சேர்த்து, வெளியேறியதும் கியூ ஃபிரீ செய்யுங்கள். டீபக்கரின் மானிட்டர்ஸில் அநாதை நோடுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், ரிமூவ் சைல்டு செய்துவிட்டு விடுவிக்காமல் விட்டிருக்கிறீர்கள். மரத்திலிருந்து கழற்றினால் நினைவகத்திலிருந்து போய்விடாது.

முதல்முறை வெடிக்கும்போது மட்டும் ஒரு திணறல், பிறகு இல்லை என்றால் ஷேடர் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சின்ன நிரல்) தொகுக்கப்படுகிறது. 4.4-க்கு மாறினால் வெகுவாகக் குறையும். தொடக்கம் முதலே மந்தம் என்றால் புரொஃபைலரைப் பாருங்கள். 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லி விநாடிதான் கெடு. சோதனைக்கு என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் பிரின்ட் போட்டு மறந்திருந்தால் அதை முதலில் எடுங்கள்.

புராஜெக்டே திறக்கவில்லை, படங்கள் எல்லாம் காணவில்லை என்கிறது

எடிட்டரை மூடுங்கள். புராஜெக்ட் அடைவில் புள்ளியில் தொடங்கும் டாட் கோடோ என்ற மறைந்த அடைவு இருக்கும். அது வெறும் தற்காலிகக் கிடங்கு. அழித்துவிட்டுத் திறந்தால் எல்லாவற்றையும் புதிதாக இம்போர்ட் செய்யும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கவனம்: புராஜெக்ட் டாட் கோடோ என்று ஒரு கோப்பும் பக்கத்திலேயே இருக்கும். அதுதான் புராஜெக்டின் உயிர், அதில் கை வைக்காதீர்கள்.

கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்புளோரர் வழியாக இடம் மாற்றியிருந்தால் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு, கோடோவின் ஃபைல் சிஸ்டம் பலகைக்குள்ளேயே இழுத்து மாற்றுங்கள். அது பாதைகளையும் திருத்திக்கொள்ளும். மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் டாட் கோடோ அடைவை விலக்கிவிட்டு, 4.4 முதல் ஸ்கிரிப்டுகளுக்குப் பக்கத்தில் தோன்றும் யூஐடி கோப்புகளைச் சேர்த்துக் கமிட் செய்ய வேண்டும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்தால் இன்னொருவர் கணினியில் இணைப்புகள் அறுந்துபோகலாம்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால், காலியான புது புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, கோளாறு வருவதற்குத் தேவையான நோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கோடோவின் கிட்ஹப் பக்கத்தில் பிழை பதியப் போனாலும் இந்தச் சின்ன புராஜெக்டைத்தான் கேட்பார்கள். எந்த நோடைச் சேர்த்ததும் கோளாறு தலைகாட்டுகிறதோ, உங்கள் பெரிய புராஜெக்டில் அதே நோடிலிருந்து தேடத் தொடங்குங்கள். எதைச் சேர்த்தும் வரவே இல்லை என்றால் எஞ்சினைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு புராஜெக்டுகளின் செட்டிங்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.